பேனல் இல்லாத கேமரா

காற்றில் கழன்று விழுந்த சோலார் பேனல் கூடத்துச் சுவரில் சாய்ந்து கிடந்தது. அது இல்லாமலேயே, தோட்டத்துக் கடைசிக் கதவடிக் கம்பத்தில் இருந்த கேமராவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

கேமரா மாட்டுவதுதான் அவன் பிழைப்பு. வீட்டிலிருந்து கரண்ட் இழுக்க முடியாத தூரத்துக்கு ஒரு பேனல், ஒரு பேட்டரி; வெயில் முகம் காட்டாவிட்டால் சில நாளில் கண் மூடிவிடும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவன். ஆனாலும் இந்த பேட்டரியில் மட்டும் எப்படிச் சார்ஜ் ஏறுகிறது என்று யோசிக்கவில்லை.

அந்தக் கதவு வழியாகத்தான் அவன் மனைவி வேலை முடிந்து வருவாள். கேமராவைப் பார்த்துக் கையசைப்பாள். அவள் செத்து ஒரு மழைக்காலம் போய் அடுத்தது வந்தாயிற்று. பேனல் விழுந்த நாளிலிருந்து, இருட்டத் தொடங்கும்போது, செல்போன் திரையில் அவள் மறுபடி வந்து நின்றாள். கலங்கல் படம். முகம் தெரியாது. கை மட்டும் அசையும். அதற்காகவே வேலைக்குப் போகாமல் கிடந்தான்.

"அந்தக் கேமராவுக்குத் தீனி போடுற அக்கறையில பாதிய உன் பொண்ணு மேல காட்டேன்டா," என்றாள் அக்கா. மகள் அவள் மடியில் துவண்டு கிடந்தாள்.

"மழைக் காய்ச்சல்க்கா. சரியாயிடும்."

"காய்ச்சலா? தொட்டுப் பாரு. பச்சைத் தண்ணியா இருக்கா."

தொட்டான். மகள் கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

"அம்மாவுக்கு இருட்டுல நிக்க பயம்பா. நான்தான் கொஞ்சம் கொஞ்சமா குடுக்குறேன்."

செல்போனில் கேமராவின் சார்ஜைக் காட்டும் பச்சைக் கோடு ஒன்று ஏறியது. அவன் உள்ளங்கைக்குள் அந்தச் சின்னக் கை இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது.

புரிந்துவிட்டது. பேட்டரியைப் பிடுங்க வேண்டும். புரிந்தும் எழவில்லை. அவள் வருகிற நேரம் அது. வந்தாள். கையசைத்தாள். கடைசித் தடவை என்று பார்த்து முடித்த பிறகுதான் எழுந்தான்.

அழுகிய இலை வாடையும் நனைந்த மண் வாடையும் மூச்சை அடைக்க, செருப்பைச் சேறு பிடித்துப் பிடித்து இழுக்க, அவன் நெருங்க நெருங்கத் தவளைகள் ஒவ்வொன்றாக வாய் மூடிக்கொள்ள, மரங்களுக்கு நடுவே கம்பத்தின் சிவப்புப் புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினான். கதவடியில் யாரும் இல்லை. பெட்டியைத் திறந்தான். பேட்டரி வெதுவெதுப்பாக இருந்தது. தூங்கும் பிள்ளையின் கழுத்தடி போல.

"போதும்மா," என்றான். "அவளை விட்டுடு."

பிடுங்கினான்.

சிவப்புப் புள்ளி அணையவில்லை.

செல்போன் அடித்தது.

"டேய், எழுப்புறேன்டா... எந்திரிக்க மாட்டேங்குறா... டேய்..."

அக்கா அலற அலற, திரையில் படம் விரிந்தது. இந்தத் தடவை கலங்கல் இல்லை. கம்பத்தடியில் அவன். கையில் பேட்டரி. அவனுக்குப் பின்னால் அவள். இடுப்பில் மகள்.

மகளின் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது. அவள் மெல்ல ஆடியபடி மகளின் முதுகில் தட்டினாள்.

தட்டும் சத்தம் செல்போனில் இல்லை.

அவன் முதுகுக்குப் பின்னால் கேட்டது.