நெலிடா பனிவெளி

குடிலின் கதவைப் பனி பாதிவரை விழுங்கியிருந்தது. பசுவால்தோ அதை வெட்டித் தள்ளினார். லெயாந்த்ரோ சறுக்குவண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கினான். உள்ளே போன வருடத்து மண்ணெண்ணெய் நாற்றம் அப்படியே இருந்தது. வேறு எந்த வாசனையும் இல்லை. அண்டார்க்டிகாவில் எதுவும் அழுகுவதில்லை. அதனால் எதுவும் மணப்பதுமில்லை.

ஜன்னலுக்கு வெளியே பனிவெளி தொடங்கியது. மூன்று பக்கம் மலை, நடுவே மேடும் பள்ளமும் தெரியாத வெள்ளை. வரைபடத்தில் அந்த இடம் இன்னும் காலி. நாளை அவர்கள் இருவரும் அதைக் குறுக்கே கடந்து அளக்க வேண்டும். ஜனவரி மாதம், சூரியன் மறையாது. இருட்டுக்குப் பயப்பட வேண்டிய அவசியமில்லை.

பசுவால்தோ மாத்தே என்ற கசப்பு மூலிகைத் தேநீரைக் கலந்து, குழலோடு குடுவையை நீட்டினார்.

"எனக்குக் கசப்பாத்தான் வேணும். புடிக்கலைன்னா நன்றி சொல்லிட்டு ஒதுங்கிக்க."

நெலிடா அதில் ஆரஞ்சுத் தோலைச் சுட்டுப் போடுவாள். லெயாந்த்ரோ அதைச் சொல்லவில்லை. மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவளைப் பற்றிப் பேச அவனிடம் எதுவும் மிச்சமில்லை. செய்ய மட்டும் ஒன்று இருந்தது. இந்த வெள்ளைக்கு அவள் பெயரை வைத்துவிட வேண்டும்.

அவளுக்குக் குளிர் ஆகாது. கோடையில்கூடப் போர்வைக்குள் புகுந்து, "கால் சில்லுன்னு இருக்குப்பா" என்று இரண்டு பாதங்களையும் அவன் கெண்டைக்காலில் ஒட்டவைத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவளின் பெயரைப் பனிக்கு வைப்பது வேடிக்கைதான். ஆனால் நில அளவைக்காரனான அவன் வேறு எதற்குப் பெயர் வைக்க முடியும்?

"மலைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரங்க கூடாரம் போட்டிருக்காங்க அண்ணே. அவங்க முந்திட்டா?"

"முந்தட்டுமே. ஒரே எடத்துக்கு அவன் ஒரு பேரு, சிலிக்காரன் ஒரு பேரு, அர்ஜென்டினாக்காரன் நாம ஒரு பேரு. கூப்பிட்டா பனி திரும்பியா பாக்கப்போவுது?" பசுவால்தோ சிரித்தார். "என் மாமியார் பேர வெக்கலாம்னா அந்தம்மா சாகமாட்டேங்குது. செத்தவங்க பேரத்தான் வெக்கணும்னு சட்டம் வேற."

அவர் பனி ஸ்கூட்டர்களுக்குத் தார்ப்பாய் போர்த்த வெளியே போனார். லெயாந்த்ரோ வயர்லெஸ்ஸை எடுத்தான். மறுமுனையில், அவர்களுடைய தளத்தில் ஃபெர்மின் இருந்தான்.

"ஃபெர்மின், பனிவெளிக்குப் பேரு சொல்றேன், எழுதிக்கோ. நெலிடா."

"எந்த நெலி..." ஃபெர்மின் பாதியில் நிறுத்தினான். "சரிடா. எழுதிட்டேன்."

திரும்பினால் வாசலில் பசுவால்தோ.

"என்ன தம்பி பண்ணின?"

"பேரு குடுத்தேன்."

"வேலைய முடிச்சு, கப்பல் ஏறின பின்னாடிதான் பேரு குடுக்கணும். இங்க எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. செத்தவங்க பேர வெச்சுட்டு, மறுநாள் அவங்க மேலயே நடப்பியா?"

"அது சும்மா ஒரு பழக்கம் அண்ணே."

"பழக்கந்தான்."

அதன்பின் குடுவை அவன் பக்கம் வரவில்லை.

காலையில் இருவரையும் பிணைக்கும் கயிற்றை இடுப்புப் பட்டையில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். லெயாந்த்ரோ முன்னால், பசுவால்தோ பின்னால். திரும்பும் வழி தெரிய, கறுப்புத் துணி கட்டிய மூங்கில் கழிகளை நட்டுக்கொண்டே போனார்கள். பாதி தூரத்தில் மேகம் இறங்கியது. வானமும் தரையும் ஒன்றாயின. கடைசியாக நட்ட கழி மட்டும் ஆதாரமில்லாமல் தொங்குவதுபோலத் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

காற்று நின்றது.

லெயாந்த்ரோவின் மூக்கில் ஏதோ பட்டது. மெலிதாக, இனிப்பாக, கொஞ்சம் கருகலாக.

"அண்ணே, ஆரஞ்சு கொண்டுவந்தீங்களா?"

பின்னால் கயிறு இறுகியது.

"ஆரஞ்சா? இல்ல. தம்பி, நில்லு. அசையாத."

வாசனை முன்னால் இருந்தது. மிகப் பக்கத்தில், அடுப்படி அளவு தூரத்தில்.

அவன் ஒரு அடி எடுத்து வைத்தான்.

பனி சத்தமே இல்லாமல் விட்டுக்கொடுத்தது. கயிறு இடுப்பை அறுத்துப் பிடித்தது. மார்புவரை பிளவுக்குள் போயிருந்தான். கைகள் மேலே, விளிம்பில். கால்களுக்குக் கீழே எதுவும் இல்லை.

எதுவும் இல்லாத இடத்திலிருந்து ஒரு பாதம் வந்து அவன் கெண்டைக்காலில் ஒட்டியது.

தடித்த பூட்ஸையும் இரண்டு கம்பளிக் காலுறைகளையும் தாண்டி, வெறும் தோலாக, சில்லென்று.

பிறகு இன்னொரு பாதம்.

"கால் சில்லுன்னு இருக்குப்பா."

எட்டு மாதத்தில் முதல்முறையாக அவனுக்கு அழுகை வந்தது. விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் தாமாகவே தளர்ந்தன.

"புடிடா! கயித்தப் புடி! மூதேவி, புடின்னு சொல்றேன்ல!"

பசுவால்தோ இழுத்தார். லெயாந்த்ரோ வெளியே வந்து விழுந்தான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அவர் அவன் முகத்தையே பார்த்தார்.

"கீழ யார்கிட்ட பேசின?"

"நான் பேசலையே."

"பேசின. 'கொஞ்சம் தள்ளிப் படு'ன்ன."

கழி கழியாகத் தடவிக்கொண்டு குடிலுக்குத் திரும்பினார்கள். பசுவால்தோ கதவைச் சாத்தித் தாழிட்டார்.

"பேர எடுத்துடு. இப்பவே."

"எடுத்துட்டா அவளுக்கு எதுவுமே இல்லாம போயிடும் அண்ணே."

"எடுக்கலைன்னா நீ இல்லாம போயிடுவ. நாளைக்கு நாம மறுபடி அளக்கப் போறதும் இது மேலதான்."

லெயாந்த்ரோ வெகுநேரம் வயர்லெஸ்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு எடுத்தான்.

"ஃபெர்மின், நேத்து சொன்ன பேர அடிச்சுடு. நெலிடா வேணாம்."

"அதான் அப்பவே அடிச்சுட்டேனே." ஃபெர்மின் குரலில் எரிச்சல். "காலையில ஒரு அம்மா வயர்லெஸ்ல வந்து மாத்தச் சொன்னாங்க. உங்ககூட யாருடா அது? சொல்லவே இல்ல."

பசுவால்தோ எழுந்து நின்றார்.

"என்ன பேரா மாத்தினாங்க?" என்றான் லெயாந்த்ரோ.

"உன் பேருதான். லெயாந்த்ரோ பனிவெளி. உயிரோட இருக்கறவங்க பேர வெக்கக் கூடாதும்மான்னு நானும் சொன்னேன்."

"அதுக்கு?"

"'தெரியும்'னாங்க."

வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. மேசைமேல் மாத்தே குடுவை ஆறிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சுட்ட ஆரஞ்சுத் தோல் மணத்தது.

மேசைக்கு அடியில் லெயாந்த்ரோ தன் கால்களை மெல்ல நகர்த்தினான்.

அந்தப் பாதங்களும் கூடவே நகர்ந்தன.