வெர்னா பேசறேன்

டெலிபோன் வேலை பார்க்கும் கர்ட்டிஸ் வந்து சேர்ந்தபோது காலை எட்டேகால். அமெரிக்காவின் வடக்கு ஓரத்து டுலூத்தில் ஜனவரி மாதத்தில் அந்த நேரத்துக்குத்தான் வெளிச்சம் என்று ஒன்று எட்டிப் பார்க்கும். ஏரிக் காற்றுக்கு முகம் கொடுக்க முடியாமல் குனிந்தபடியே வந்தவர், பூட்ஸில் ஒட்டிய பனியை மிதியடியில் உதைத்துத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தார். முன்பு மீன் கிடங்காக இருந்த கட்டடம் அது. கோர்டி அதை வாங்கி, வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸ் ரிப்பேர் செய்யும் கம்பெனியை அங்கே நடத்திவந்தான். எத்தனை முறை கழுவினாலும் நிலவறையில் மட்டும் ஈரச் செங்கல் வாடை போகவில்லை.

"எங்க மேடம் அந்தப் பழைய பெட்டி?" என்றார் கர்ட்டிஸ், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

"கீழ," என்றாள் கோர்டியின் மனைவி ட்ரூடி. "மத்தியானத்துக்குள்ள அது இந்த இடத்துல இருக்கக் கூடாது."

தொலைபேசிப் பெட்டியைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே கொண்டுவரும் சாஃப்ட்வேர் போடுவது என்று ஏற்பாடு. அழைப்பு, குறுஞ்செய்தி, முகம் பார்த்துப் பேசுவது, எல்லாம் ஒரே இடத்தில். கோர்டி ஃபர்னஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தாலும் ஆபீஸ் அழைப்பு அவன் மொபைலுக்குப் போய்விடும். கேட்பவர்களுக்கெல்லாம் ட்ரூடி இந்தக் காரணத்தைத்தான் சொன்னாள். உண்மையான காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

உண்மையான காரணம் வெர்னா.

வெர்னா கோர்டியின் முதல் மனைவி. செத்து ஆறு வருஷம் ஆகிறது. கோர்டி ட்ரூடியைக் கட்டிக்கொண்டு மூன்று வருஷம். ஆனால் ஆபீஸ் மூடிய பிறகு யார் கூப்பிட்டாலும் அந்தப் பெட்டியிலிருந்து பேசுவது இன்னும் வெர்னாவின் பழைய பதிவுதான். "வெர்னா பேசறேன். வீட்டுல சூடு போயிடுச்சா? பதறாதீங்க. குழாயைச் சன்னமாத் திறந்து சொட்ட விடுங்க, இல்லேன்னா தண்ணி உறைஞ்சு குழாய் வெடிச்சிடும். ஆள் வந்துக்கிட்டே இருக்கு." ஊரில் பாதிப் பேருக்கு இது மனப்பாடம், நடுவில் அவள் வாயில் மென்தால் மிட்டாய் புரளும் சத்தம் உட்பட. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காபி குடிக்கும்போது ட்ரூடியின் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்: "அந்தக் குரலைக் கேட்டாலே பாதிக் குளிர் போயிடும், இல்ல?" ட்ரூடியும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். நவம்பரில் பார்த்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மாலையில் கோர்டியின் வேன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும். அவன் மட்டும் உடனே இறங்க மாட்டான். ஒரு நாள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மொபைலைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்திருந்தான். அன்று அவன் தூங்கிய பிறகு மொபைலை எடுத்துப் பார்த்தாள். தினம் ஐந்து பத்துக்கு, மூடிக் கிடக்கும் தன் ஆபீஸுக்கே ஒரு அழைப்பு. ஒவ்வொன்றும் சரியாக நாற்பது விநாடி.

அதைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்து, "சாப்பிட என்ன இருக்கு?" என்று இவளிடம் கேட்டிருக்கிறான்.

உயிரோடிருப்பவள் என்றால் முடியைப் பிடித்துச் சண்டை போடலாம். செத்தவளை என்ன செய்ய? ட்ரூடிக்கு வயிறு எரிந்தது. எரிகிறது என்பதை அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவும் இல்லை. சாஃப்ட்வேர் யோசனையைச் சொன்னபோது கோர்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "வெர்னா பேச்சை மட்டும் விட்டுடாதே." அவளும், "பார்க்கறேன்" என்று சொல்லி வைத்தாள்.

நிலவறையில் கர்ட்டிஸ் பெட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார்.

"இதுல ஒரு குரல் பதிவு இருக்கு மேடம். புதுசுக்கு நகல் எடுத்துடவா? அஞ்சு நிமிஷ வேலை."

"வேண்டாம்."

"சரி. ஆனா இன்னைக்கே பிடுங்கக் கூடாது. உங்க நம்பர் புதுக் கம்பெனிக்கு நாளைக்குக் காலையிலதான் போர்ட் ஆகுது. நடுவுல பழசை எடுத்துட்டா ஒரு நாள் முழுக்க யாரு கூப்பிட்டாலும் சுவத்துல முட்டிக்கிட்ட மாதிரிதான். வெளியில பூஜ்ஜியத்துக்குக் கீழ இருபத்திரண்டு ஓடுது. உங்க தொழிலுக்கு இன்னைக்குப் போய்..."

"பிடுங்குங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் செய்யாத காரியம் அது. ட்ரூடிக்கும் அது தெரியும். ஆனால் இன்னொரு ஐந்து பத்தை அவளால் தாங்க முடியாது.

கர்ட்டிஸ் தோளைக் குலுக்கிவிட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினார். கடைசிக் கம்பியில் கை வைத்தவர் நிமிர்ந்து மோந்து பார்த்தார்.

"தொண்டைக்கு மென்தால் மிட்டாய் ஏதாவது போட்டிருக்கீங்களா?"

"இல்லையே."

"வாடை வருது."

ட்ரூடிக்கும் வந்தது. இனிப்பாக, குளிர்ச்சியாக, அப்போதுதான் ஒருவர் வாயிலிருந்து வந்ததைப் போல.

அவர் கம்பியை வெட்டினார்.

மத்தியானம் முழுக்க ஆபீஸ் ஊமையாகக் கிடந்தது. ட்ரூடி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. மனசு லேசாகி, ரொம்ப நாளைக்குப் பிறகு காபிக்கு இரண்டு சர்க்கரை போட்டுக் குடித்தாள். அப்புறம்தான் ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த உறைபனி கண்ணில் பட்டது. இந்தக் குளிரில் எத்தனை வீட்டில் ஃபர்னஸ் நின்றிருக்கும், எத்தனை பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். கோர்டி வந்து கத்தப்போகிறான் என்று காத்திருந்தாள்.

நாலு மணிக்கு வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவன் வந்தான். மீசையில் பனி. கத்தவில்லை. நேராக வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவனாக அப்படிக் கட்டிப்பிடித்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

"என்னை மன்னிச்சிடு ட்ரூடி. நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்."

"எதுக்கு?"

"அவ குரலை நீ அழிச்சிடுவியோன்னு பயந்துட்டேன். நீ என்னடான்னா அதை வெச்சே புது மெஷினைப் பேச வெச்சிருக்க! இன்னைக்கு நாலு வீடு. நாலு பேரும் ஒரே கதை. 'வெர்னா எடுத்தா, விலாசம் கேட்டா, கோர்டியை அனுப்பறேன்னு சொன்னா'ங்கறாங்க. கிழவர் ஆஸ்ட்பி அழுதுட்டார், தெரியுமா? விலாசம் எல்லாம் டாண் டாண்ணு என் மொபைலுக்கு வந்துடுச்சு."

ட்ரூடியின் கை அவன் முதுகில் அப்படியே நின்றது.

"எத்தனை மணிக்கு?"

"முதல் ஆளு மத்தியானம் ஒண்ணரைக்கு. ஏன்?"

பெட்டியைப் பிடுங்கியது பதினொன்றரைக்கு. புது சாஃப்ட்வேரில் இன்னும் ஒரு நம்பர்கூட ஏறவில்லை. இதைச் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். சொன்னால் அவன் கையை எடுத்துவிடுவான் என்று பயம். அதைவிட, அந்த அணைப்புகூட வெர்னாவுக்காகத்தான் என்ற நினைப்பு நெஞ்சைக் குத்தியது.

அவன் போனதும் நிலவறைக்கு ஓடினாள். பெட்டி இருந்த சுவரில் நாலு ஓட்டை. வெட்டிய கம்பிகள் வெறுமனே தொங்கின.

மென்தால் வாடை காலையில் இருந்ததைவிட அதிகமாக இருந்தது.

மறுநாள் காலை நம்பர் போர்ட் ஆனது. கர்ட்டிஸ் லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார். நேற்றைய கதையை ட்ரூடி அவரிடம் மூச்சுவிடவில்லை. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பதினோரு முறை தன் குரலைப் பதிவு செய்தாள். "ட்ரூடி பேசறேன். எங்களைக் கூப்பிட்டதுக்கு நன்றி." வெர்னாவின் வார்த்தை ஒன்றுகூட அதில் வராமல் பார்த்துக்கொண்டாள்.

"இருங்க, வெளியிலேர்ந்து கூப்பிட்டுப் பார்த்துடுவோம்," என்று கர்ட்டிஸ் தன் மொபைலில் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

மணி இரண்டு முறை அடித்தது.

"வெர்னா பேசறேன்."

கர்ட்டிஸ் லேப்டாப்பைப் பார்த்தார். பதிவைத் திறந்து ஓட்டினார். அதில் ட்ரூடியின் குரல்தான். மறுபடி மொபைலில் கூப்பிட்டார்.

"வெர்னா பேசறேன். இது யாரு, கர்ட்டிஸா? அந்தக் கடைசிக் கம்பியை வெட்டறப்ப ரொம்ப வலிச்சுது."

கர்ட்டிஸ் மொபைலை மேஜையில் போட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு அதை இரண்டு விரலால் எடுத்து அணைத்தார்.

"மேடம், நான் திங்கட்கிழமை வரேன்," என்றார்.

"கர்ட்டிஸ், ஒரு நிமிஷம்..."

"திங்கட்கிழமை."

துளையிடும் மெஷினைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். ட்ரூடி பதிவை அழித்தாள். மறுபடி பேசினாள், மறுபடி அழித்தாள். கடைசியில் லேப்டாப் திரையைப் பார்த்துக் கத்தினாள்.

"செத்துப்போனவதானே நீ? போயேன்! அவன் இப்ப என் புருஷன்!"



நாலரை மணிக்குத் திரையில் கோர்டியின் பெயர் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வேன் வெளியேதான் நின்றது. ட்ரூடி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அழைப்பை எடுத்தாள். பேசுவதெல்லாம் பேசுகிறவரின் பெயரோடு எழுத்தாகவும் திரையில் ஓடும்படி கர்ட்டிஸ் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"கோர்டி, உள்ள வாயேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"வெர்னா?"

அவ்வளவு மெதுவாக, அவ்வளவு ஆசையாக, மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் ட்ரூடியைக் கூப்பிட்டதில்லை.

"நான் ட்ரூடி. கோர்டி, நான் ட்ரூடி பேசறேன்."

திரையில் வரி ஓடியது.

வெர்னா: நான்தான் கண்ணு.

ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். வெளியே வேன் கதவு அறைந்து மூடும் சத்தம் கேட்டது. பனியில் ஓடிவரும் காலடி. கோர்டி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நடு அறையில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

"கோர்டி," என்றாள் ட்ரூடி. போன் இல்லை, கம்பி இல்லை, நாலடி தூரம்தான். அவள் காதுக்கு அது அவள் குரலாகத்தான் கேட்டது.

அவன் முகம் மலர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

"பேசு," என்றான். "நிறுத்தாதே."

"கண்ணைத் திற. நான்தான், ட்ரூடி. என்னைப் பாரு!"

அவன் சிரித்தான். கண்ணை மூடியபடியே கையை நீட்டித் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ட்ரூடி பேச்சை நிறுத்தினாள்.

சற்று நேரத்தில் அவன் கண்ணைத் திறந்தான்.

"ஓ... நீயா," என்றான். பிடித்த கை தளர்ந்தது.

அதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. அவமானமாக இருந்தது. தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் அந்தக் கை போய்விடக் கூடாது என்று மறுபடி பேச ஆரம்பித்தாள். அவன் உடனே கண்ணை மூடிக்கொண்டு அவள் கையை இறுக்கினான். எதையாவது பேசினால் போதும் என்று வாய்க்கு வந்ததைப் பேசினாள்.

"வா, வீட்டுக்குப் போகலாம். காட்டரிசி சூப் பண்ணி வெச்சிருக்கேன். ஆறிடும்."

அவனுடைய தோளுக்கு மேலே லேப்டாப் திரை தெரிந்தது. அழைப்பு எப்போதோ முடிந்திருந்தது. ட்ரூடி பேசப்பேச எழுத்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வெர்னா: அவளை அனுப்பிடு கோர்டி.

கண்ணைத் திறக்காமலே அவன் தலையாட்டினான்.

"சரிம்மா," என்றான்.