முப்பத்து நாலு இன்ச்

நிழல் மேலே விழுந்தும் அவை பறக்கவில்லை. கந்தவேலுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

1964, ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர் அவர். லீவு நாளில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, அமராவதி அணைக்குக் கீழே ஆற்றங்கரைக்கு வந்துவிடுவார். மழை விட்டதும் தட்டான், தை பிறந்தால் மஞ்சள் பூச்சி என்று எந்தப் பருவத்தில் எது வரும் என்பது அவருக்கு அத்துப்படி. ஈர மணலில் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து உப்பை உறிஞ்சுவதும் புதிதல்ல. ஆள் கிட்டே போனால் குபீரென்று கலைந்துவிடும்.

இவை கலையவில்லை. கறுப்பில் நீலக்கோடு ஓடிய நூற்றுக்கணக்கான இறக்கைகள் ஒரே சீராகத் திறந்து மூடின. ஆற்றின் சலசலப்புக்கு அடியில், காய்ந்த சருகை யாரோ விரல்களுக்கிடையே தேய்ப்பது போல ஒரு சத்தமும், அழுகிய பூவின் வாடையும் எழுந்தன. ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

வீட்டு இருட்டறையில், சிவப்பு பல்பின் கீழே, மருந்துத் தண்ணீரில் படம் மெல்ல மேலெழுந்தபோதுதான் தெரிந்தது. தலை. கைகள். மடக்கிய கால்கள். பூச்சிக் கூட்டம் உட்கார்ந்திருந்த வடிவம், ஒருக்களித்துப் படுத்த குழந்தை. இருபது வருடம் துணி வெட்டிய கண் தானாகவே அளந்தது: மார்பு பதினெட்டு இன்ச்.

கண்ணின் குறைதான் என்று நிரூபித்துக்கொள்ளத் தை மாதம் மறுபடி போனார். ஆற்று மணலில் எதுவும் இல்லை. நிம்மதியாக பஸ்ஸுக்குத் திரும்பியபோது, நிறுத்தத்தின் ஓரச் சேற்றில் அது படுத்திருந்தது. இப்போது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. இருபத்தாறு இன்ச்.

வளர்ந்திருக்கிறது.

அன்றிரவு கேமராவைப் பெட்டியில் பூட்டினார்.

"ஏனுங்க, எதையாச்சும் பாத்துப் பயந்துட்டீங்களா?" என்றாள் மனைவி நல்லம்மாள்.

"இல்ல புள்ள. இனி ஆத்துப்பக்கம் போகல, அவ்வளவுதான்."

பங்குனி வந்தது. கரண்ட் நின்று கம்பெனி பாதியில் மூடிய ஒரு மத்தியானம். பின்பக்கக் கொல்லை வழியாக வீட்டுக்கு வந்தார். முதலில் அந்த வாடை. அப்புறம் அந்தச் சத்தம். நல்லம்மாள் துணி துவைத்து ஈரமாகிக் கிடந்த தரையில், மல்லாந்து, முழு ஆளாக.

முப்பத்து நாலு.

அவருடைய அளவு.

விளக்குமாற்றை எடுத்து வீசினார். பூச்சிகள் எழுந்தன. கலையவில்லை. ஒட்டுமொத்தமாக நிமிர்ந்து, நின்று, சட்டையை உதறிக்கொள்வதுபோல் ஒருமுறை சிலிர்த்து, வீட்டுக்குள் நடந்தது அது. பின்னாலேயே ஓட நினைத்தார். கால் வாசற்படியைத் தாண்டவில்லை.

சமையலறையிலிருந்து நல்லம்மாளின் குரல்.

"வந்துட்டீங்களா? உக்காருங்க, சோறு போடறேன்."

படியை ஒட்டியிருந்த சமையலறை ஜன்னல் வழியே பார்த்தார். அது மணையில் சம்மணமிட்டிருந்தது. அவள் குனிந்து வட்டிலில் சோற்றை வைத்தாள். இறக்கைகளாலான கை சோற்றைப் பிசைந்தது. அவள் முகத்தில் பயமே இல்லை. தினமும் சிரிக்கும் அதே சிரிப்பு.

"நல்லம்மா!" என்று கத்தினார். காற்றுதான் வந்தது.

அவள் கரண்டியை நிறுத்தினாள். ஜன்னலைப் பார்த்தாள். அவரைத் தாண்டி, அவருக்குப் பின்னால் இருந்த வெயிலைப் பார்த்தாள்.

"ஏனுங்க, வெளிய யாரோ கூப்புடற மாதிரி இல்லீங்க?"

மணையில் இருந்தது பிசைவதை நிறுத்தியது. மெல்ல, மிக மெல்ல, ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பியது.