நூற்றில் ஒரு பங்கு

அந்த ஊரில் தெருவுக்கொரு தும்மல் பெட்டி உண்டு. அதற்குள் தும்மினால், மூக்கில் ஏறிய தூசி யார் வீட்டுடையது என்று சீட்டு வரும். சண்டைக்குப் போக வசதியாக முகவரியும் இருக்கும்.

பழைய கருவிகள் தூசியை மொத்தமாக எடைபோட்டன. எல்லோரும் ‘எங்களுடையது இல்லை’ என்று கைகழுவினார்கள். ஒற்றைத்துகள்மானி வந்தபின் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத துகளைத் தனியாகப் பிடித்து, லேசரால் ஆவியாக்கி, எந்த அடுப்பு, எந்த வண்டி என்று அது சொல்லிவிடும்.

பியூலாவின் கணவன் ஜெபராஜுக்கு நுரையீரல் கறுத்துவிட்டது. செயற்கை நுரையீரல் பொருத்தாவிட்டால் இரண்டு மாதம்தான். குற்றவாளி அகப்பட்டால் அரசே பொருத்தும். ஆனால் உள்ளே இருக்கும் துகள்களில் நூற்றில் ஒரு பங்காவது அவனுடையதாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆய்வாளர் நசீர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“நாப்பது லட்சம் துகள்மா. ஒண்ணு விடாம ஆள் தெரிஞ்சுபோச்சு.”

“யாரு சார் அந்தப் பாவி?”

“ரெண்டு லட்சத்துப் பதினோராயிரம் பேரு. பெரிய ஆலைகூட நூத்துல அரைப் பங்குதான். ஒருத்தனும் மாட்ட மாட்டான்.”

துல்லியம் கூடக் கூடக் குற்றம் கரைந்துபோனது. அயோக்கியத்தனம், வேறென்ன சொல்ல?

ஒரு வழி இருந்தது. பலர் சேர்ந்து ஒப்புக்கொண்டு அந்த ஒரு பங்கை நிரப்பலாம். இரண்டாயிரம் வீடுகள் போதும். கையெழுத்திட்டவர்கள் ஓராண்டு புகை விடக் கூடாது, அவ்வளவுதான். பியூலா பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். காப்பி கொடுத்தார்கள், கண்கூடக் கலங்கினார்கள்.

“எங்க ஒரு வீட்டுப் புகையாலயா இப்படி ஆச்சு?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

ஒன்பது கையெழுத்து கிடைத்தது. ஜெபராஜ் செத்துப்போனான்.

வயிற்றைக் கழுவ வேண்டுமே. பியூலா தெருமுனையில் விறகடுப்பு மூட்டி மீன் வறுத்து விற்கத் தொடங்கினாள். நான்கு மாதம் கழித்து ஒரு பெண் பட்டியலோடு வந்து நின்றாள். அவளுடைய ஆறு வயது மகளின் நுரையீரலில் பியூலாவின் அடுப்புத் துகள்கள் பதினேழு இருந்தன.

“ஒரு கையெழுத்துதான், அக்கா. நீங்களாச்சும் போடுங்க. உங்களுக்குத் தெரியாததா?”

பியூலா பட்டியலைக் கையில் வாங்கினாள். அடுப்பைப் பார்த்தாள். வரிசையில் நாலு பேர் தட்டோடு நின்றார்கள்.

“பதினேழுதானம்மா?” என்றாள். “என் ஒருத்தி அடுப்பாலயா உன் பொண்ணுக்கு இப்படி ஆச்சு? போம்மா, போயி அந்த ஆலைக்காரனைக் கேளு.”

சொல்லிவிட்டு, கருகுவதற்குள் மீனைத் திருப்பிப் போட்டாள்.