பவளராணியின் தண்ணீர்க்கூடை

2009 மே மாதக் கடைசி. இலங்கையில் போர் முடிந்துவிட்டது என்று டெனிஷ் தொலைக்காட்சியே சொல்லிவிட்டது. பவளராணியின் தம்பி, வன்னியில் அகப்பட்ட பீற்றரிடமிருந்து மட்டும் ஐந்து கிழமையாக ஒரு தகவலும் இல்லை. இந்த நேரத்தில் ஒருத்தி கூடை வாங்கப் போவாளா என்று டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் நாலு பேர் கதைத்தார்கள்தான். கதைக்கட்டும். தொலைபேசியையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தால் அவளுக்கு விசர் பிடித்திருக்கும்.

அமெரிக்காவின் அப்பாச்சிப் பழங்குடிகள் பின்னிய பழைய கூடைகள் என்றால் அவளுக்கு உயிர். ஏற்கெனவே ஆறு வைத்திருந்தாள். ஏழாவதை, இறந்துபோன ஒரு கப்பல்காரரின் வீட்டுச் சாமான் விற்பனையில் பிடித்துக்கொண்டு ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். கழுத்துச் சிறுத்த தண்ணீர்க்கூடை. ஒழுகாமலிருக்க மரப்பிசின் பூசியது. முகர்ந்தால் பிசினும் பழைய புகையும் மணந்தன.

கூடை சேர்க்கிறவர்கள் இதில் தண்ணீர் ஊற்றவே மாட்டார்கள். அவளுக்கும் அது தெரியும். ஆனால் கை சும்மா இருந்தால்தானே? புது மண்பானையைச் சோதிக்கிற மாதிரி, மேசையில் பழைய பத்திரிகையை விரித்துக் கூடையை வைத்து, கழுத்துவரை நிரப்பினாள்.

தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் தண்ணீர் பாதிதான் இருந்தது. பத்திரிகையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

மறுபடி நிரப்பினாள். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

மடக்.

தொண்டைக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம். கூடைக்குள் நீர்மட்டம் ஒரு விரல் இறங்கியது.

மடக். மடக்.

"இஞ்சருங்கோ," என்றாள். குரல் எழும்பவில்லை. "இதிலை ஆரோ குடிக்கினம்."

ஜெபத்தில் இருந்த கணவர் யேசுரட்ணம் எழும்பி வந்தார். எட்டிப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினார்.

"பவளம், இனி ஊத்தாதையும்."

"அது தம்பியெண்டால்?"

உயிரோடிருப்பவன் இங்கே வந்து குடிப்பானா? குடிப்பது பீற்றர் என்றால் அவன் செத்துவிட்டான். கூடை வற்றிய பிறகும் வறண்ட தொண்டையின் இழுப்பு கேட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு பயந்தாலும் தாகத்தோடு அவனை விட முடியுமா? அழுதழுது மூன்றாம் முறை ஊற்றினாள்.

தொலைபேசி அடித்தது.

"அக்கா... நான் பீற்றர்."

"உயிரோடை இருக்கிறியாடா?"

"ஓம் அக்கா. முகாமிலை. ஒராளின்ரை போனிலை கதைக்கிறன்." அவன் அழுதான். "பங்கருக்குள்ளை ஒரு சின்னப்பிள்ளை தண்ணி கேட்டுக்கொண்டே கிடந்தது. என்னட்டை ஒரு போத்தில் இருந்தது. நான் குடுக்கேல்லை அக்கா. நானே குடிச்சுப்போட்டு, அதை அங்கையே விட்டிட்டு வந்திட்டன்."

மேசையில் அந்தச் சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். கூடை வெறுமையாக இருந்தது. அறைக்குள் அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

பீற்றருக்குக் கேட்டது.

"அக்கா," என்றான், மூச்சை அடக்கிக்கொண்டு. "அந்தப் பிள்ளை ஏன் உங்கடை வீட்டிலை நிண்டு தண்ணி கேக்குது?"