மடைக்காரன் வீட்டுச் சுவர்

"புதுச் சுவர்னா தண்ணி குடிக்கத்தானே செய்யும், மேஸ்திரி?"

"குடிக்கும்மா. ஆனா கொஞ்சமாச்சும் கீழ வழியணும்ல? தரையைப் பாருங்க."

அவள் பார்த்தாள். மகளின் அறைக்காக மேஸ்திரியின் ஆட்கள் எழுப்பிய சுவர் அது. காலையிலிருந்து மேஸ்திரி அதன்மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார். அடியில் தரை காய்ந்து கிடந்தது. ஈர மண்ணின் வாசனைகூட இல்லை.

"கல்லு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார் மேஸ்திரி.

"வேற எங்க, மலை மேலேருந்துதான்" என்று அவள் கணவன் உள்ளேயிருந்து சிரித்தான். "கோட்டைக் கல்லு இல்லாத வீடு இந்த ஊர்ல ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்."

உண்மைதான். மலையுச்சியில் இன்று கோட்டை இல்லை. பாலமாக, பள்ளிக்கூடமாக, துணி துவைக்கும் கல்லாக அது எப்போதோ ஊருக்குள் இறங்கி வந்துவிட்டது. மேலே மிஞ்சியது புல் மூடிய தண்ணீர்த் தொட்டி மட்டும். முற்றுகைக்கு வந்த படைக்குப் பயந்து, பின்மலை ஊற்றிலிருந்து தொட்டிக்குப் போன நீரை மடையில் அடைத்தது ஊர்தான். எதிரி ஓர் அம்புகூட விட வேண்டியிருக்கவில்லை. கதவை உடைத்துப் போனபோது கோட்டைக்காரர்கள் எல்லோரும் வறண்ட தொட்டிக்குள் கிடந்தார்களாம், கல்லில் வாய் வைத்தபடி. மடையை அடைத்தவனின் வம்சத்துக்கு இன்றும் மடைக்காரன் வீடு என்றே பெயர். அவள் வாழ்க்கைப்பட்ட வீடு.

"தொட்டிக் கல்லை மட்டும் யாரும் தொட மாட்டாங்களே, தம்பி" என்றார் மேஸ்திரி.

"சும்மா கிடக்கிறதுக்கு நம்ம வீட்டுக்கு வரட்டுமே. என்னா வழவழப்பு! கை வெச்சுப் பாருங்க."

மேஸ்திரி கை வைக்கவில்லை. "இடிச்சுடலாம்னா இப்பவே இடிச்சுடறேன்."

"தண்ணி குடிச்ச குத்தத்துக்கா?"

அவர் கரண்டியைக் கழுவாமலேயே பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கணவன் சுண்ணாம்பு வாங்கக் கிளம்பினான்.

வீடு அமைதியானது. அவள் சுவரைத் தடவினாள். ஒவ்வொரு கல்லிலும் விரல் பதியும் அளவுக்கு ஒரு குழிவு; உளி செதுக்கியதல்ல, மென்மையான ஏதோ ஒன்று அதே இடத்தில் திரும்பத் திரும்ப, நாள்கணக்கில் உரசி உரசித் தேய்த்த குழிவு. அது என்னவென்று புரிந்த கணம் கையை இழுத்துக்கொண்டாள். உள்ளங்கைத் தோல் சருகுபோல் சுருங்கியிருந்தது.

சமையலறையில் குடம் காலி. காலையில் நிரப்பியது. பூச்செடியின் மண் வெடித்திருந்தது. குழாயைத் திறந்தாள். காற்று மட்டும் இரைந்தது.

பிறகு அந்தச் சத்தம். வறண்ட தொண்டை ஒன்று விழுங்குவது போல. இன்னொன்று. நிறைய.

மகள்.

ஓடினாள். சுவரின் மறுபக்கம், அதை ஒட்டிப் பாயில் படுத்திருந்தது குழந்தை. கன்னம் கல்லோடு கல்லாக. தூக்கினாள். கனமே இல்லை. உதடுகள் வெடித்திருந்தன. அழுதது, கண்ணீர் வரவில்லை.

சுவரில் மட்டும் ஈரம். குழிவுக்குக் குழிவு. வாய் வாயாக.

"கண்ணு, அம்மாவைப் பாரு."

குழந்தை அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தே வாய் திறந்தது. கோட்டைக் கதையை யாரும் அதற்குச் சொன்னதில்லை. வந்தது ஒரே ஒரு குரல் அல்ல. கல்லுக்குள்ளிருந்தும் அதே சொற்கள், அதே மூச்சில்.

"அம்மா, மடையைத் திறக்கச் சொல்லு."