பரவாயில்லைங்க

ஜன்னலோரக் கட்டிலின் கம்பியில் பச்சைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. முந்தாநாள் அதே கட்டிலில் செத்துப்போன சடையனின் உடம்போடு அவர் ஊரான அடி அண்ணாமலைக்கு அனுப்பிய துண்டு. அருணாதேவிதான் மடித்து அவர் மார்மேல் வைத்திருந்தாள். இப்போது தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

செங்கம் சாலையில், வெள்ளைக்காரர்கள் மன அமைதி தேடி வந்து தங்கிய லாட்ஜ் அது. இப்போது புது மாத்திரையை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிக்கும் ஆராய்ச்சி மையம். ‘மௌனம் காக்கவும்’ என்ற பழைய எழுத்தை மட்டும் சுவரில் அப்படியே விட்டிருந்தார்கள். அது இவர்களுக்கும் தேவைப்பட்டது.

நோயாளிகளின் வாழ்க்கைத் தரமே தம் மூச்சு என்று திறப்பு விழாவில் மூச்சு விடாமல் முழங்கிய டாக்டர் சக்கரவர்த்தி, அந்தத் தரத்தை அளக்கும் பொறுப்பை நர்ஸ் அருணாதேவியிடம் கொடுத்துவிட்டு, வேங்கிக்காலில் தம் புது வீட்டுக்கு டைல்ஸ் பார்க்கப் போய்விட்டார். தினமும் சாயங்காலம் அவள் நோயாளியிடம் “எப்படி இருக்கு?” என்று கேட்க வேண்டும். பதிலை அவருக்குப் போனில் சொல்ல வேண்டும். அதுதான் அளவை.

மாத்திரை சடையனின் வயிற்றைத் தீயாக எரித்தது. ஆனாலும், “பரவாயில்லைம்மா” என்பார்.

டாக்டரின் தமிழில் அதற்கு ‘நன்றாகவே இருக்கிறேன்’ என்று பொருள். சடையனின் தமிழில், ‘உனக்கெதற்குத் தொந்தரவு, தாங்கிக்கொள்கிறேன்.’ அருணாதேவியும் அடி அண்ணாமலைக்காரிதான். இரண்டு தமிழும் தெரியும். வலியில் கத்தாமலிருக்க அவர் கடித்த துண்டில் பல் பதிந்து கிழிந்த இடங்களையும் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான், “நல்லா இருக்கார் சார்” என்றாள்.

இன்று அடுத்த கட்டில் ராணியம்மாளைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுவது என்று வந்திருந்தாள். அதே மாத்திரை. அதே வெளிறிய உதடு.

கரண்ட் போனது. வெளியே பௌர்ணமிக் கூட்டம் மழையில் நனைந்துகொண்டே மலை சுற்றியது; அரோகராக்களுக்கு நடுவே ஈரத்துணி வாடையும் கற்பூர வாடையும் ஜன்னல் வழியே வந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை. துருப்பிடித்த இரும்பு போல. ரத்தம் போல.

“எப்படிம்மா இருக்கு?”

“பரவாயில்ல சிஸ்டர். நேத்திக்கு இன்னிக்கு கம்மிதான்.”

“மறைக்காதீங்க. எரிச்சல் ஜாஸ்தியா இருக்கா?”

ராணியம்மாள் சங்கடமாகச் சிரித்தாள். “அதெல்லாம் சொன்னா உன் வேலைக்கு ஆபத்தாமே? சடையண்ணன் சொல்லிச்சு.”

“எப்போ சொன்னார்?”

“இப்பத்தான். நீ துண்டத் தொட்டப்போ.”

போன் அலறியது.

“என்ன அருணா, எப்படி இருக்காங்க? கம்பெனிக்காரங்க எதிர்லயே உட்கார்ந்திருக்காங்க. சீக்கிரம் சொல்லுங்க.”

மாத்திரையை நிறுத்துங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள்.

நாக்கில் நூல் ஒட்டியது. உப்பு. அடுத்தவர் எச்சிலின் புளிப்பு.

“பரவாயில்லைங்க.”

கரகரத்த ஆண் குரல். அதிர்ந்தது அவள் தொண்டைதான்.

“வெரி குட்! தொண்டை கட்டியிருக்கு போல. வெந்நீர் குடிங்க.”

போன் அடங்கியது.

கம்பியைப் பார்த்தாள். துண்டு இல்லை.

பக்கத்தில் டம்ளர் நகரும் சத்தம். ராணியம்மாள் சாயங்கால மாத்திரையை எடுத்தாள். வேண்டாம் என்று கத்தினாள் அருணாதேவி. சத்தம் வரவில்லை. அவள் பல் துணியில் அழுந்தியது.

மடக். ராணியம்மாள் விழுங்கிவிட்டாள்.

சாலையில் ஒரு பஸ் திரும்பியது. அதன் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடியில் அருணாதேவியின் முகம். உதடுகளுக்கு நடுவே பச்சைத் துண்டு. அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை. நகக்கண்ணில் சேறு காய்ந்த கை. அவசரமே இல்லாமல், குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல், மிச்சத் துண்டையும் அவள் வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தது.